ஏழரை

ஸ்டோரில் ஏழரை சைஸ்தான் இருக்கிறது.
என் கை ஆறரை.
விரல் நுனிகளில் காற்று நிற்கும்.
நரம்பு தேடும்போது
எனக்கு முன்னால் வேறு ஒருத்தி தொட்டுவிட்டு
எனக்குச் சொல்வதுபோல் இருக்கும்.
"நமக்கு எப்பவும் ஏழரைதான்" என்பாள் பிரிசில்லா.

கடலூர் பெரியாஸ்பத்திரி, ஆண்கள் வார்டு, இரவு டியூட்டி.
முப்பத்தெட்டுக் கட்டில், தரையில் ஆறு பாய்.
சிங்க் ஒன்றே ஒன்று, அந்தக் கோடியில்.
குழாயைத் திறந்தால் முதலில் மூச்சு வரும்,
பிறகு துரு,
பிறகுதான் தண்ணீர்.

கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம் என்று
யாரும் சொல்லித்தரவில்லை.
நாங்களாகவே நம்பிக்கொண்டோம்.
ஒரே ஜோடியோடு
பதினொன்றிலிருந்து பதினான்குவரை போன இரவுகள் உண்டு.
கேஸ் ஷீட், பேனா, கதவுப் பிடி,
நெற்றியில் உட்கார்ந்த கொசு
எல்லாவற்றையும் தொட்டது அந்த ரப்பர் தோல்.
சுத்தமாக இருந்தது நான் மட்டும்தான்.

இருபத்திமூன்று, கலியமூர்த்தி.
முதுநகரில் சாக்கடை அடைப்பு எடுப்பவர்.
கெண்டைக்காலில் தகரம் கிழித்த காயம், சீழ்.
கையுறையோடு கட்டு மாற்றினேன், அதில் கேள்வியில்லை.
கழற்றி, கழுவாமலே புதுசு மாட்டி
நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்தபோது கேட்டார்:
"கையில புண்ணு ஒண்ணும் இல்லீங்களே. இதுக்குமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் இருந்தது.
அவர் விலை விசாரிப்பதுபோல் கேட்டார்.
"எங்களுக்கும் ஒரு ஜோடி குடுத்தாங்க,
முழங்கை வரைக்கும், ஆரஞ்சு கலரு.
போட்டோ எடுத்துட்டுத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க."

கொல்லைப்புறத்தில் நிற்க வைத்து
உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றும் கைகளை அறிவேன்.
அதில் ஒன்று எங்கள் வீட்டுக் கை.

கோடிவரை நடந்தேன். கழற்றினேன்.
உள்ளே வியர்வை, மாவு, வெந்து சுருங்கிய பத்து விரல்.
உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு,
கட்டைவிரலைத் திருகும்போது குழாய் நின்றுவிட்டது.
அட்டெண்டர் தேசிங்கு வாளியிலிருந்து மொண்டு ஊற்றினார்.
துடைக்கத் துணியில்லை.
உதறிக்கொண்டே திரும்பினேன்.

காய்த்துப்போன மணிக்கட்டு.
நாடி சட்டென்று அகப்படவில்லை.
அப்புறம் வந்தது,
முழு நிமிஷமும் எண்ணினேன்:
எண்பத்தெட்டு.
"கை சில்லுனு இருக்கு" என்றார்,
வேறொன்றும் சொல்லவில்லை.

தொட்ட பிறகும் கழுவ வேண்டும். அதுதான் முறை.
சிங்க்கை நோக்கி நடக்கையில் முதுகில் தெரிந்தது
அவர் பார்ப்பது.
அந்தக் கழுவல் வேறு, இந்தக் கழுவல் வேறு என்று
இருபது கட்டில் தூரத்திலிருந்து
எப்படித் தெரியும் ஒருவருக்கு?

இருபத்திநாலில்
திருப்பாப்புலியூர் சன்னதித் தெரு மளிகைக்காரர்.
அவர் நாடியும் பார்த்தேன், வெறுங்கையால்.
திரும்ப வந்து நின்றபோது
"இன்னொரு தரமா சிஸ்டர்?" என்றார் தேசிங்கு.

ஊத்துங்க என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே ஊத்துங்க.