இரண்டு சுழிகள்

விசாகப்பட்டினத்திலிருந்து மரப்பெட்டி வந்திருக்கிறது.
உள்ளே இருபத்துநான்கு மூக்குகள்,
பஞ்சில் பொதிந்து, எண் குத்தி.
நீர்மூழ்கியின் பேட்டரி அறையில்
ஆறு மாதம் முகர்ந்துவிட்டு
ராணிப்பேட்டை சிப்காட்டில்
என் மேசைக்கு வந்திருப்பவை.

நான் கடலைப் பார்த்தது ஒரே முறை,
மெரினாவில், எல்லார் செருப்புக்கும் காவலாக.
எங்கள் பாலாற்றில் கால் நனையவே
நல்ல ஐப்பசி வேண்டும்.

இந்த ஊர்க் காற்றை நம்பிச் சுழி வைக்க முடியாது.
பக்கத்து ஷெட்டில் தோலுக்குத் தின்னர் அடித்தால்
இங்கே எண் ஏறிவிடும்.
ஆகவே சுத்தக் காற்றும் சிலிண்டரில், விலைக்கு.
முதலில் அதைக் கொடுப்பேன்.
திருகாணியை மயிரிழை திருப்பினால் சுழி.
பிறகு இரண்டு விழுக்காடு ஹைட்ரஜன்.
முப்பது விநாடிக்குள் எழ வேண்டும்.

ராணிப்பேட்டையில் ஆபத்துக்கு வாடை உண்டு.
பஸ் ஜன்னலைச் சாத்தலாம்,
முந்தானையை இழுத்துக்கொள்ளலாம்,
திட்டவாவது செய்யலாம்.
இதற்கு எதுவும் இல்லை.
எரிந்தால் பகலில் சுடர்கூடத் தெரியாது.
பேட்டரி சார்ஜ் ஏற ஏற
கூரையோரம் போய்ச் சேரும்,
பேசாமல் நிற்கும் கடன்காரன் மாதிரி.

பதினேழாம் எண் செத்திருந்தது.
சுத்தக் காற்றில் சுழி. வாயுவிலும் சுழி.
கதவு ரப்பருக்கு யாரோ சிலிக்கோன் அடித்திருப்பார்கள்.
திரையில் இரண்டும் ஒரே வட்டம்தான்:
ஒன்று, எதுவும் இல்லை என்கிறது.
இன்னொன்றுக்கு எதுவும் தெரியவில்லை,
தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

பன்னிரண்டு வேறு விதம். உயிர் இருந்தது.
வலைமுகம் நெடுக ஒட்டுநாடாவின் பசை,
பசையில் ஒரு விரல்ரேகை.
ராத்திரி இரண்டு மணிக்குக் கூவியிருக்கும்.
காவல் முடிந்து அப்போதுதான் படுத்தவன்
எழுந்து வந்து வாயைக் கட்டியிருக்கிறான்.

முதலில் கோபம் வரவில்லை.
பிள்ளை ஜுரத்தில் அழுத இரவொன்றில்
தலையணையைக் காதில் அமுக்கியவள்தான் நானும்.
பிறகு வந்தது.
எத்தனை பேர் தூங்கியிருப்பார்கள் அந்த நாடாவை நம்பி!
பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத்
துடைத்தேன், துடைத்தேன், பளிச்சென்று ஆகும்வரை.
இரண்டு விழுக்காடு கொடுத்ததும்
பதினொரு விநாடியில் வீறிட்டது.

குறிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுத?
பசை என்றால் விசாரணை வரும்.
எழுதாவிட்டால் மறுபடியும் நாடா வரும்.
குணசீலன் சார் எட்டிப் பார்த்து
"கிருபாவதி, லாரி நாலு மணிக்கு" என்றார்.

எழுதினேன்:
வலைமுகம் மூடப்பட்டிருந்தது. பசைத் தடம்.
ரேகை இருந்ததை எழுதவில்லை.