ஐந்தாவது டயர்

"எதை இழுக்கிறாய்?"
என்றுதான் முதலில் கேட்டான்
கவுண்டருக்குப் பின்னால் நின்ற டார்வின் ப்ரூயிட்.

வீட்டை, என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. எல்கோவில் இது புதிதல்ல.
தகரக் கூரை, ஒரு கட்டில், விறகடுப்பு, புகைபோக்கி,
ஒரு ஆள் எட்டு மாதம் வாழும் சக்கர வீடு.
ஆடுகள் ஒரு சரிவை மேய்ந்து முடித்ததும்
பிக்கப்பைப் பின்னால் எடுத்துக் கொக்கியை மாட்டி
வீட்டை அடுத்த மேட்டுக்கு நகர்த்துபவள் நான்.

பென்சிலால் கூட்டினான்:
கட்டில், அடுப்பு, நாய்த்தீனி, உப்புக்கட்டி,
தண்ணீர் ஒரு கேலன் எட்டு பவுண்டுக்கு மேல்.
"நீ சுமப்பதில் பாதி தண்ணீர், தெரியுமா?"
தெரியும். பிரேக் மிதிக்கும்போது
அது இன்னும் கொஞ்ச தூரம் போகப் பார்க்கும்.

சுவர் நிறைய டயர், புது ரப்பர் நெடி.
மழமழவென்று ஒன்றைத் தட்டிக் காட்டினான்.
எழுபதாயிரம் மைல் உத்தரவாதம், சத்தமே வராது.
என் வண்டி ஏற்கெனவே இரண்டு லட்சம் தாண்டியது.
எழுபதாயிரம் மைல் கழித்து
இந்த டயருக்கு மேலே எந்த வண்டி இருக்கும்?
ரேடியோ எட்டாத மலையில்
சத்தம் வராத டயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அடுத்தது பெரிய பெரிய பட்டன் வைத்தது, சகதிக்கு.
எங்களுக்குச் சகதி ஏப்ரலில் இரண்டு வாரம்.
மீதியெல்லாம் கல். கறுப்புக் கல், கத்தி விளிம்பு.
இங்கே டயர் தேய்ந்து சாவதில்லை,
விலாவில் குத்துப்பட்டுச் சாகிறது.

"அப்படியானால் இது. பத்து பிளை.
பேர்தான் பத்து, உள்ளே பத்து அடுக்கு இல்லை,
பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விலா தடிமன்."

விலை கையைக் கடித்தது. பென்யத்தை அழைத்தேன்,
பெரியப்பா மகன், மந்தைக்கு முதலாளி.
"கம்பளி என்ன விலை போகிறது தெரியுமா நெகானே?
இரண்டு போதும். பின்னால் போடு."
முன்னால் இரண்டும் திருப்புகின்றன,
பின்னால் இரண்டும் சுமக்கின்றன.
எதை மொட்டையாக விடலாம், நீயே சொல் என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"நாலு. நாலே நாலு."

வண்டியைத் தூக்கினார்கள்.
அடியில் தொங்கிய ஸ்டெப்னியின் தூசியைத் துடைத்து
டார்வின் நான்கு இலக்கம் படித்தான்:
முப்பத்தொன்பதாம் வாரம், பதினோரு வருஷத்துக்கு முன்.
ஒரு நாளும் சாலையைத் தொடாமல்
வறண்ட ஏரிபோல் வெடித்திருந்தது.

அவனுக்குச் செய்தி. எனக்கு இல்லை.
போன அக்டோபரில், இறக்கத்தில், வீடு பின்னால் இருக்க
பின் டயர் கிழிந்த அன்றே
இதை இறக்கிப் பார்த்தாயிற்று.
எலியூத்தெரியோ மேட்டிலிருந்து ஓடி வந்து
சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தார்.
இரண்டு இரவு. நான் கேபினில்,
அவர் சாய்ந்த வீட்டில், சாய்ந்த கட்டிலில்.
பனி விழத் தொடங்கியது.
சூப்பைக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்ற முடிந்தது.
ஒரு டயர் என்ன விலை என்று கேட்டார், சொன்னேன்.
விரலில் எண்ணினார்.
"என் கூலியில் நாலரை நாள்," என்றார்,
வேறொன்றும் சொல்லவில்லை.
அதை நான் பென்யத்திடம் சொன்னதில்லை.

ஐந்தாவதும் போடு, அதற்குத் தனி பில்,
என்று என் அட்டையை நீட்டினேன்.
"ஸ்டெப்னிக்கு யாரும் புதுசு வாங்குவதில்லையே,"
என்றபடியே தேய்த்தான்.

மறுநாள் காலை கொக்கி மாட்டினேன்.
வண்டியின் பின்பக்கம் இரண்டு விரல் இறங்கியது.
காற்று எண்பது இருந்தும்
டயரின் அடிவயிறு லேசாகப் பிதுங்கியது,
சாப்பிட்டு உட்கார்ந்தவனுக்குப் போல.
இருக்கையில் எலியூத்தெரியோவின் சீட்டு:
வெங்காயம், பாட்டரி, போன் அட்டை, காய்ந்த மிளகாய்.

தார் முடிந்து சரளையில் இறங்கியதும்
நாலும் உறுமத் தொடங்கின.
ஐந்தாவது அடியில் பேசாமல் வந்தது.
பதினெட்டு மைல் போன பிறகுதான்
மிளகாய் வாங்காதது நினைவு வந்தது.