இருபதாயிரமாவது கிலோமீட்டர்

வாரண்டி முடிய நூற்றுப் பதினோரு நாள்.
கிருஷ்ணகிரி பைபாஸ் சர்வீஸ் சென்டரில்
லிஃப்டில் ஏறி நிற்கிறது வண்டி,
அடிவயிறு தெரிய.

ஆயில் மாற்றியாயிற்று.
கூலன்ட், பிரேக், பின் பட்டா போல்ட்டுகள்.
டார்ச் அடித்துப் பார்த்த பையன்
"அக்கா, கியர்பாக்ஸ் சீல் கசியுது" என்றான்
என்னமோ நல்ல சேதி போல.
நல்ல சேதிதான்,
காசில்லாமல் மாற்றிக் கொடுத்தால்.

கவுண்டரில் புத்தகத்தைப் புரட்டினார்கள்.
பத்தாயிரத்துக்கு முத்திரை இருக்கிறது.
முப்பதாயிரத்துக்கு இருக்கிறது.
நடுவில் ஒரு பக்கம்
கழுவிவிட்ட சிலேட்டு.
"இதைக் கம்பெனி ஒத்துக்காதுங்க."

முதல் பக்கத்தில் எனக்கு முந்தைய பெயர்:
திம்மராயன், ராயக்கோட்டை.
கீழே நம்பர். போட்டேன்.

"அந்த மாசம்" என்றான், கொஞ்ச நேரம் கழித்து,
"தக்காளி கிலோ ரெண்டு ரூபா.
ஏத்தின லோடை மண்டிக்குப் பின்னால
நானே கொட்டினேன்.
சர்வீசுக்கு எங்கேக்கா போறது?"

திட்டத்தான் எடுத்தேன் போனை.

சீலுக்கும் கூலிக்கும் நாலாயிரத்து எண்ணூறு.
இந்த வாரச் சாமந்தி அதற்கே சரி.
வைக்கப் போனேன். அவன் விடவில்லை.
"தொப்பூர் இறக்கத்தில ரெண்டாவது கியரை விட்டு மாறாதீங்க.
அப்புறம் அந்த இடது கதவு.
அது ரிப்பேர் இல்லைக்கா, யார்கிட்டயும் காட்டாதீங்க.
லேசாத் தூக்கிச் சாத்தணும்."

பில் கட்டி, சாவி வாங்கி,
சுற்றி வந்து தூக்கினேன்.
இத்தனை வாரமாய் அறைந்து அறைந்து
சாத்திய கதவு.
ஒரு விரல் உயரம்தான்.
சத்தமில்லை.