நீல மையில் நிரப்பவும்

நைட் டூட்டி முடிகிற நேரத்தில்
நாலு பக்கப் படிவத்தை நீட்டினார்கள்.
பெயர் எழுத வேண்டாமாம்.
பதவி, வார்டு, அனுபவம் போதும்.
பெண்கள் வார்டில் ஆறு வருட ஸ்டாஃப் நர்ஸ்
இந்த மாடியில் நான் ஒருத்திதான்.

'இங்கே தவறுகளைத் தயங்காமல் பேச முடிகிறது.'
எதிரே ஐந்து வட்டங்கள்.
பேனா நடுவட்டத்தில் போய் நிற்கிறது,
மாட்டுத்தாவணி ஷேர் ஆட்டோவில்
நடுவில் மாட்டிக்கொண்டவள் மாதிரி
எந்தப் பக்கமும் சாயாமல்.

போன சித்திரை.
எதிர்சேவைக் கூட்டத்தில் பஸ் சிக்கி
ரெண்டு பேர் டூட்டிக்கு வராத ராத்திரி.
முப்பத்தொரு பேருக்கு
நானும் ஒரு பயிற்சிப் பிள்ளையும்.
ஏழாம் பெட்டில் விருமாயி, செக்கானூரணி.
ஒன்பதில் விருமாயி, கருமாத்தூர்.
ஒருத்திக்குச் சர்க்கரை.

இன்சுலின் ஏற்றிய ஊசியோடு நின்று
பேரைக் கேட்டேன்.
விருமாயி என்றாள். சரிதானே.

"சிஸ்டர், சக்கரைக்காரம்மா அங்கிட்டுல்ல?
இது இப்பத்தான் சீனி போட்ட காப்பி குடிச்சுச்சு."
மாப்பைச் சுவரில் சாய்த்தபடி
முத்துராக்கு சொன்னது அவ்வளவுதான்.
ஊசி முனையில் ஒரு சொட்டு
விழாமல் நின்றது.

யாரிடமும் நான் சொல்லவில்லை.
அவளும்தான்.
கூட்ட வந்தவளுக்கு ஊசியில் என்ன பார்வை
என்று கேட்பார்கள், அவளுக்குத் தெரியும்.
முந்தின வருஷம் எழுதிக் கொடுத்த எஸ்தர்
ரிக்கார்டு ரூமில் பழைய கேஸ் ஷீட் அடுக்குகிறாள்.
மீட்டிங்கில் கைதட்டிப் பாராட்டிவிட்டுத்தான்
மாற்றினார்கள்.
மறுநாள் ஒன்பதாம் கட்டிலை
நானே ஜன்னலோரம் தள்ளிப் போட்டேன்.
ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பதினேழாம் கேள்வி:
கடந்த ஓராண்டில்
நீங்கள் எழுதிக் கொடுத்த சம்பவங்கள் எத்தனை?
ஒன்றுமில்லை. வட்டமிட்டேன்.
அது உண்மை.
எல்லோரும் இப்படி உண்மை சொன்னால்
வருடக் கடைசியில் வாசலில் பேனர் கட்டுவார்கள்.

மேஜையில் ஒரு படிவம் மிச்சம்.
பினாயில் வாளியோடு முத்துராக்கு வருகிறாள்.
"என்ன சிஸ்டர், பரிட்சையா?"
உனக்கும் ஒன்று தரவா, வாசித்துச் சொல்கிறேன் என்றேன்.
"காண்ட்ராக்ட் ஆளுக்கெல்லாம் கிடையாதாம்."
கொஞ்ச நேரம் நான் எழுதுவதைப் பார்த்தாள்.
"காலைத் தூக்குங்க,
வழுக்கும்."