வாறுகாலுக்குக் கீழே

வைக்கோல் லாரி இரண்டு தடவை
கம்பியை அறுத்துக்கொண்டு போனபிறகு
"மேல வேண்டாம், மண்ணுக்குள்ள கொண்டு போயிரும்" என்றாள்
தங்கபுஷ்பம்.
இந்தப் பக்கம் மீட்டர். அந்தப் பக்கம் அப்பளக் கொட்டகை.
நடுவில் மூணேகால் அடி வாறுகால்.

கல்லிடைக்குறிச்சியில் தண்ணீருக்கு என்ன குறை.
ஆற்றை விடு, கால்வாயை விடு,
இந்தத் தெருவின் இருபத்திரண்டு வீடும்
காலையில் கவிழ்ப்பதே ஒரு பாசனம்.

முதல்நாளே மசூதை வீடுவீடாய் அனுப்பினேன்.
"நாளைக்குப் பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும்
ஒரு சொட்டு விடக்கூடாது, கேட்டியளா."
துவைக்கிறவர்கள் முந்தித் துவைத்தார்கள்.
ஒரு வீட்டில் மட்டும்
"வாறுகால் என்ன, உங்கப்பன் வீட்டுச் சொத்தா" என்றார்களாம்.
எந்த வீடென்று அவன் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும்.
அங்கே எனக்கு எண்ணூறு ரூபாய் பாக்கி நிற்கிறது.

சிமெண்டுச் சாக்கில் மணல் கட்டி
மேற்கே ஏழு, கிழக்கே நாலு.
மிச்சத்தை வாளியால் இறைத்துவிட்டு
பாவிய கல்லைக் கடப்பாரையால் நெம்பினால்
கறுப்பு. அதற்கடியில் சாம்பல்.
ஒரு பல்செட்டின் கீழ்வரிசை.
அதற்கும் அடியில்
எந்த வீட்டையும் அறியாத செம்மண்.

ஒன்றரை அடி ஆழத்தில் இரும்புக் குழாய்,
அதற்குள் பிளாஸ்டிக் குழாய், அதற்குள் கேபிள்.
தண்ணீரும் கரண்டும்
முகம் பார்க்காமல் குறுக்கே கடந்துவிட வேண்டும்.
என் தொழிலில் அவ்வளவுதான் தத்துவம்.

பதினொன்றேகால்.
குழிக்குள் நின்று மட்டம் பார்க்கிறேன்.
மேற்கே ஒரு பெண்ணின் அழுகை.
பிறகு பல பெண்கள்.
மசூது ஓடிப்போய், நடந்து வந்தான்.
பதினாலாம் நம்பர் ஆவுடையம்மாள்.
போன மாதம் ஃபேன் மாட்டப் போனபோது
"காத்து என்மேல வேண்டாம், சுவரைப் பாக்கத் திருப்பு" என்றவள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் வந்து
கரையில் நின்றான். எங்களைப் பார்க்கவில்லை,
சாக்குகளைப் பார்த்தான்.
"அண்ணாச்சி, குளிப்பாட்டணும்."
"எவ்வளவு நேரமாகும்?" என்றது என் வாய்.
அந்த வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

குழாயின் இரண்டு முனையிலும் துணி அடைத்தோம்.
சாக்குகளை ஒவ்வொன்றாய்த் தூக்கிக் கரையில் போட்டோம்.
மேலேறி, தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி
நின்றோம்.

முதலில் காய்ந்த தூசியைத் தள்ளிக்கொண்டு
விரல் அகலத்துக்கு.
பிறகு சீயக்காய் நுரை.
அதன்மேல் நல்லெண்ணெய் மினுக்கம்,
மஞ்சள், ஏதோ ஒரு இலை.
எங்கள் பள்ளத்தில் இறங்கி
நான் மட்டம் பார்த்த குழாயைச் சுற்றிப் பார்த்து
நிறைந்து
போயிற்று.

மறுபடி சாக்கு அடுக்கினோம்.
இறைக்க வாளியை எடுத்த மசூது எடுத்தபடியே நின்றான்.
"நீ மேல நின்னு வாங்குல, நான் கோருதேன்."

மணல். ஒரு வரிசைச் செங்கல். கான்கிரீட்.
மூன்றரைக்கு தங்கபுஷ்பம் சுவிட்சைத் தட்டினாள்,
கொட்டகை மோட்டார் உறுமியது.
உடனே அணைத்துவிட்டாள்.
"ஓடுதுல்லா, போதும்.
பொணம் எடுத்தபிறகு பாத்துக்கிடலாம்."

ராத்திரி பையைத் திறந்தபோதுதான்
கட்டிங் பிளேயரைக் காணோம்.
மஞ்சள் பிடி போட்டது, தென்காசியில் வாங்கியது.
செங்கலுக்கு அடியில்தான் கிடக்க வேண்டும்.