ஒதுங்கும் இடம்

ஐந்தே முக்காலுக்கு முதல் பேருந்து.
மலையைக் குடைந்த பாதை ஒற்றை வழி,
விளக்கு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை,
பாறையில் நீர் கசிந்துகொண்டே இருக்கும்.
எதிரே வெளிச்சம் தெரிந்தால்
எவர் வலப்பக்கம் குடைவு இருக்கிறதோ
அவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும்.
ஃபாரோ தீவுகளில் எல்லோருக்கும் தெரிந்த விதி.
இருபத்திரண்டு வருடமாக ஒதுங்கி வழிவிட்டவள் தூரி.

நேற்றிரவு மூன்று முறை விழித்தாள்.
மூன்றாம் முறை, நனைந்த சட்டையைக் கழற்றி எறிந்து
போர்வையை மட்டும் சுற்றிக்கொண்டு
வெறுங்காலோடு வாசலில் போய் நின்றாள்.
பிப்ரவரி. ஆலங்கட்டி மழை.
ஆட்டையே உருட்டிவிடும் கடற்காற்று.
அவளுக்கு அதுவும் போதவில்லை.
உள்ளே ஹைனி, தூக்கத்திலிருந்தே,
"கதவைச் சாத்தேன்" என்றான்.
எழுப்பி நாலு வார்த்தை கேட்கலாமா என்றிருந்தது.
கேட்கவில்லை. படியில் உட்கார்ந்து அழுதாள்.
எதற்கென்று யாராவது விசாரித்திருந்தால்
விழித்திருப்பாள்.

போன வாரம் ஓர் ஊரின் பெயர் மறந்துபோனது.
வேறெந்த ஊருமல்ல, அவள் குடியிருக்கும் ஊர்.
மூன்று மணி வண்டியில் ஒலிவாங்கியைப் பிடித்தபடி
"அடுத்த நிறுத்தம்" என்று தொடங்கி
அப்படியே நின்றுவிட்டாள்.
பின்சீட்டுப் பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்:
"நோர்தெபில்!"
அவர்களோடு அவளும் சிரித்தாள்.
எல்லோரும் இறங்கிப் போனபின்
சாவியைத் திருப்ப முடியாமல் கை நடுங்கியது.

மாதவிடாயே,
விடாய், ஒருநாளும் என்னை விடாய் என்று நம்பி
முப்பத்தைந்து வருடம் உனக்கு நாள் குறித்து வைத்தேன்.
இப்போது போய்வருகிறேன் என்கிறாய், போகிறாய்,
எழுபது நாள் தகவலே இல்லை;
இனி வரமாட்டாய் என்று வெள்ளை விரிப்பு வாங்கிய மறுநாள்
மறந்த குடையை எடுக்க வந்தவள் மாதிரி கதவைத் தட்டுகிறாய்.
வந்தால் குடையோடு போகிறாயா?
பதினொரு நாள் தங்கி
வீட்டையே புரட்டிப் போடுகிறாய்.

மருத்துவர் காகிதத்தில் ஒரு கோடு வரைந்து காட்டினார்.
சீராக இறங்கும் கோடு என்று நினைத்திருந்தாள்.
இந்தத் தீவுகளின் கரையைப் போலக்
குத்துக் குத்தாக இருந்தது அது.
எத்தனை நாள்?
இரண்டு வருடம். ஏழும் ஆகலாம்.
இடுப்பில் ஒட்டிக்கொள்ள ஒரு பட்டை தந்தார்.
பட்டை வேலை செய்கிறது.
பெரும்பாலும் வியாழக்கிழமைகளில்.

இன்று காலை, பாதையின் நடுவே,
தூரத்தில் இரண்டு விளக்குகள்.
குடைவுக்குள் வண்டியை ஒதுக்கினாள்.
சரியாக அந்த நேரம் பார்த்து
மார்பிலிருந்து கிளம்பியது,
கழுத்து, காது, உச்சந்தலை.
ஜன்னலை முழுக்க இறக்கினாள்.
மீன் ஆலைக்குப் போகிற நான்கு பேர்
ஒன்றும் சொல்லாமல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

எதிர்வண்டி சால்மன் லாரி.
மெதுவாக, கண்ணாடிகள் உரசாத குறையாக நெருங்கியது.
அதன் ஜன்னலும் இறங்கியிருந்தது.
ஸ்டியரிங்கில் சுன்வா,
பள்ளியில் இவளுக்கு ஒரு வகுப்பு கீழே.
உறையும் குளிரில் கையில்லாத பனியன்,
வேகவைத்த நண்டின் நிறத்தில் முகம்.

ஒரு கணம்தான்.
சுன்வா இவள் முகத்தைப் பார்த்தாள்.
திறந்த ஜன்னலைப் பார்த்தாள்.
"நீயுமா?"
தூரிக்குச் சிரிப்பு வெடித்தது.
அந்தச் சிரிப்பு பாறையில் மோதி
லாரி போனபின்பும் கொஞ்ச நேரம் உள்ளேயே சுற்றியது.

சமையலறை நாட்காட்டியில் இப்போது
சிவப்புப் புள்ளிகளுக்கு நடுவே நீலமும் உண்டு.
செவ்வாய்: நான்கு மணி நேரத் தூக்கம்.
வெள்ளி: ஐந்து.
சனியன்று இரண்டுதான், அதையும் எழுதியிருக்கிறாள்.

மூன்று மணி வண்டி.
மலை முடிந்து, கண் கூசும் வெளிச்சம், கீழே கடல்.
ஒலிவாங்கியை எடுக்கிறாள்.
அடுத்த நிறுத்தம்...

வரும், பெயர் வரும்.
வராவிட்டால்
பின்சீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.