அரை டம்ளர் தேனீ

ரூபினா,
நீ கையெழுத்துப் போட்ட தாளில்
இலவசம் என்று எங்குமே இல்லை, கவனித்தாயா?
அடுத்த வருடம் உன் கூட்டத்தைப் பிரித்து
இன்னொருவருக்குத் தரவேண்டும்.
அது சங்கத்தின் நிபந்தனை.
என்னுடையதை நான் எழுதிக் கொடுக்கவில்லை.

ஷெமின் கிரெனியேயில் இருபத்திரண்டு பெட்டி வைத்திருந்தவள்.
மொரிஷியஸுக்கு உண்ணி வந்து
இரண்டு மழைக்காலம் போனதும்
நான்கு.
மூடியைத் திறந்தால் மெழுகு வாசனை, எறும்பு.
வாசற்பலகையில் சிறகு சுருண்ட ஒன்றிரண்டு
பறக்க முடியாமல்
நடந்துகொண்டிருந்தன.

அந்த நான்கில் ஒன்றை உனக்குத் தந்தபோது
"பைத்தியமா உனக்கு" என்றான் செல்வோன்.
தர்மம் என்று நினைத்துவிட்டான்.
ஒரே புயலில் என்னுடையது மொத்தமும் போனாலும்
சூயாக்கில், உன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
என் ராணியின் மகள் ஒருத்தி
முட்டையிட்டுக்கொண்டிருக்கட்டும் என்றுதான் தந்தேன்.
சுத்தமான சுயநலம்.

தொழிற்சாலை மூடும்வரை
பதினேழு வருடம் காலர் தைத்த கை உனது.
சட்டகத்தைத் தூக்கும்போது அது நடுங்கவில்லை.
அரை டம்ளர் தேனீயை அள்ளச் சொன்னேனே,
அப்போது நடுங்கியது.
ஸ்பிரிட்டில் அலசினால் உண்ணிக் கணக்குத் துல்லியமாக வரும்,
முந்நூறும் செத்துவிடும் என்றேன்.
நீ டம்ளரைக் கீழே வைத்தாய்.
"வேற வழி?"

ஐசிங் சுகர்.
வலைமூடி போட்ட ஜாடியில் இரண்டு கரண்டி தூவி உருட்ட
மாவில் விழுந்த பிள்ளைகளைப்போல் வெளுத்து
எல்லாம் கோபத்தில் இரைந்தன.
தண்ணீர்த் தட்டில் சர்க்கரை கரைய
எள்ளைவிடச் சின்னதாய், செம்பழுப்பாய் உண்ணிகள்.
பதினொன்று என்றாய் நீ. நான் பதினான்கு எண்ணினேன்.
அன்றே மருந்துப் பட்டை வைத்தோம்.
கரும்புக்காகக் கப்பலேற்றப்பட்ட வம்சம் என்னுடையது.
சர்க்கரைக்கு நான் நன்றி சொன்னது
அன்று ஒருநாள்தான்.

அப்புறம் உன் அழைப்புகள்.
விடிகாலை ஐந்துக்கு:
பக்கத்து வீட்டு மாமரத்துக்கு மருந்தடிக்கிறார்கள்.
பூ உதிர்ந்தபின் அடிக்கச் சொல், அதுவும் இருட்டியபின்.
ஒரு பாட்டில் தேன் தருகிறேன் என்று சொல்.
"எந்தத் தேன்?"
இனிமேல் வரப்போகிற தேன்.
போன செவ்வாய் மத்தியானம்
பாதிப் பெட்டி எழுந்து
கரும்புக்கு மேலே போய்விட்டது என்று அழுதாய்.
அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம் என்பதை
அழுகிறவளிடம் எப்படிச் சொல்வது?
பேசாமல் இருந்தேன்.

இன்றிரவு பத்தைத் தாண்டி
கைபேசியைப் பெட்டியோடு ஒட்டிவைத்து
"கேட்குதா? உள்ள யாரோ ஊதுறாங்க" என்கிறாய்.
மழை இரைச்சல்.
அதற்கடியில் நீளமாக ஒன்று,
தொடர்ந்து குட்டையாக நாலைந்து.
கொஞ்சம் பொறுத்து, எங்கோ ஆழத்திலிருந்து,
மெழுகறைக்குள் அடைபட்ட இன்னொருத்தியின் பதில்.

இந்தச் சத்தம் கேட்டு எனக்கு மூன்று வருடம்.
படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ராணிகள், ரூபினா.
நாளைக்கு வெயில் அடித்தால்
இன்னொரு கூட்டம் கிளம்பும்.

"ஐயோ, எதுல பிடிப்பேன்?
காலிப் பெட்டி ஏதாவது இருக்கா உங்ககிட்ட?"

பதினெட்டு.